சந்திக்கு வந்த சிக்னல்

சிம்பாங் ரெங்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் மலேசியாவில் பாதிப் பேர் “ஐயோ, என்ன கேசு?” என்பார்கள். மீதிப் பேர் “அன்னாசி என்ன விலை?” என்பார்கள். ஊரில் தடுப்புக்காவல் நிலையமும் உண்டு, அன்னாசித் தோட்டமும் உண்டு. இரண்டிலும் முள் உண்டு.

ஆனால் ஊரின் பூர்வீகத் தொழில் வேறு. ரெங்கம் என்ற ஊருக்கு ரயில் நிலையம் கிடைத்தது. கூட்டரசுச் சாலை எண் 1இல் வருகிறவர்கள் அந்த ரெங்கத்துக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் முளைத்ததுதான் சிம்பாங் ரெங்கம். ரயில் வரவில்லை, திருப்பம் மட்டும் வந்தது. “நீ நேராப் போ, நீ இப்படித் திரும்பு” என்று பிரித்துவிட்டே வயிறு வளர்த்த ஊர் இது.

வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் இதே தொழிலைப் பார்க்கும் பெட்டிகளுக்கு ஜாக், பேட்ச், பஸ், மெட்ரிக்ஸ், ஸ்விட்சர், ரவுட்டர் என்று நாக்கு சுளுக்கும் பெயர்கள். எந்தக் குரல் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதைத் தவிர இவற்றுக்கு வேறு வேலை கிடையாது. பெயர் வைத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் பாவாடைக் கம்பி திருடிய ஒருவர், சவப்பெட்டி விற்ற ஒருவர், பீரங்கி வெடித்த சிலர், எஜமான் அடிமை என்று பேசிப் பழகிய பலர். இந்த வரலாற்றை மற்ற ஊர்க்காரர்கள் பயபக்தியோடு எழுதட்டும். சந்தியில் பிறந்த ஊருக்கு அந்த மரியாதை கட்டுப்படியாகாது.

பாவாடைக் காண்டம்

1878 ஜனவரி 28. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் கோய் என்பவர் வணிகத் தொலைபேசி இணைப்பகம் ஒன்றைத் திறந்தார். சந்தாதாரர்கள் 21 பேர். யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்கு அவருக்கு ஒரு பலகை வேண்டியிருந்தது. கடையில் அப்படி ஒரு சாமான் கிடைக்காது, ஏனென்றால் அதை அவர்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எனவே குதிரை வண்டியின் திருகாணி, தேநீர்க் கெண்டி மூடியின் குமிழ், அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வைத்திருந்த கம்பி ஆகியவற்றைச் சேர்த்து முடுக்கினார். உலகத்து ஸ்விட்சர்களுக்கெல்லாம் பாட்டி பாவாடைக் கம்பியில் பிறந்தாள் என்பதை எந்தப் பொறியியல் கல்லூரியும் முதலாண்டில் சொல்லிக்கொடுப்பதில்லை. பலகையில் ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்தான் நடக்கும். மூன்றாவது ஜோடிக்கு அவசரம் என்றால் நடந்துபோய்ப் பேச வேண்டியதுதான்.

பலகைக்கு ஆள் வேண்டுமே? தந்தி ஆபீசில் ஓடித்திரிந்த பையன்களை உட்கார வைத்தார்கள். பையன்கள் சந்தாதாரரைத் திட்டினார்கள். வேண்டுமென்றே இவரை அவரோடு மாட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தாங்க முடியாமல் 1878 செப்டம்பர் 1 அன்று போஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு அமர்த்தினார்கள். குரல் தேன். சம்பளம் மாதம் 10 டாலர், வேலை வாரம் 54 மணி நேரம் என்பார்கள். பொறுமையான பெண்ணைக் கண்டுபிடித்தவுடன் சம்பளத்தைக் குறைத்துவிடும் உத்தியும் அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதற்குக் காப்புரிமை வாங்காததால் உலகம் முழுக்க இலவசமாகப் பரவிற்று.

அதே காலத்தில் சார்ல்ஸ் ஸ்கிரிப்னர் என்ற இளைஞர் பலகையில் வயரைச் சொருக ஒரு பொறி செய்தார். பார்க்க மடக்குக் கத்திபோல இருந்ததால் ‘ஜாக்-நைஃப்’ என்றார்கள். நாளாக ஆக நைஃப் விழுந்துவிட்டது, ஜாக் நின்றுவிட்டது. சிம்பாங் ரெங்கத்துக் கல்யாணத்தில் மைக்கை விடாத மாமா, கராவோக்கே பெட்டியில் வயரைச் சொருகும் கால் அங்குல ஓட்டை இருக்கிறதே, அது அந்தப் பரம்பரை. மாமா அதைக் கத்தியாகவே பயன்படுத்துவது தற்செயல்.

அடுத்து வருகிறார் நம் கதாநாயகர். கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச்சடங்குக் கடை வைத்திருந்தார். ஊரில் ஆட்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தும் இவருக்கு மட்டும் போன் வரவில்லை. விசாரித்தால், போட்டிக் கடைக்காரரின் மனைவிதான் இணைப்பகத்தில் ஆபரேட்டராம். “ஸ்ட்ரோஜரைக் கொடுங்கம்மா” என்று அழுதுகொண்டே கேட்பவரை அம்மணி தன் வீட்டுக்காரர் கடைக்கே திருப்பிவிட்டாராம். இந்தக் கதைக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று யாருக்கும் தெரியாது. காப்புரிமை மட்டும் அசல்: 1891 மார்ச் 10. மனிதக் கை படாமல் தானே எண்ணைத் தேடிப்போய் இணையும் இணைப்பகம். மறு ஆண்டு நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பிணம் திசைமாறியதால் பிறந்தது தானியங்கி ரவுட்டிங். இடையில் இருப்பவரை நம்பாதே என்பதுதான் அதன் முதல் கொள்கை.

ஸ்ட்ரோஜரின் சுழலும் கருவியை ஓரங்கட்டிவிட்டுப் பிறகு கிராஸ்பார் வந்தது. கிடையாக ஓடும் கம்பிகள், நெடுகாக ஓடும் கம்பிகள், அவை குறுக்கிடும் இடத்தில் ஒரு தொடுப்பு. அந்தத் தொடுப்புக்குக் கிராஸ்பாயிண்ட் என்று பெயர். வானொலிக்காரர்களுக்குத் தேவை வந்த நேரத்தில் எல்லாம் தயாராக இருந்தது. ஜாக்கை எடுத்தார்கள், பிளக்கை எடுத்தார்கள், லைன், டிரங்க், எக்ஸ்சேஞ்ச், கிராஸ்பாயிண்ட் எல்லாவற்றையும் வாரிக்கொண்டார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொலைபேசிக்காரனும் கேட்கவில்லை, அவனே பாவாடைக் கம்பியில் தொடங்கியவன்.

நல்ல பர்ச்

மலேசியப் பள்ளிப் பிள்ளைகளிடம் பர்ச் யார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்: பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட், 1875இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரையில் குளிக்கப் போனவர், திரும்பி வரவில்லை. அது ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். நம்மவர் ஏ.எல். பர்ச், ஜொகூர் அரசாங்கத்தின் மின்துறை அதிகாரி. 1921இல் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் இவர்தான் என்கிறது நாட்டின் ஒலிபரப்பு வரலாறு. யாரையும் கோபப்படுத்தாத பர்ச் என்பதால் பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை. மலேசியாவில் வரலாற்று நாயகன் ஆவதற்குப் பெட்டி கொண்டுவந்தால் போதாது, ஈட்டிக்குத்து வாங்க வேண்டும்.

பர்ச் ‘ஜொகூர் வயர்லெஸ் சங்கம்’ அமைத்து 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார். இன்றைய கணக்கில் 1 மெகாஹெர்ட்ஸ், உருண்டையான எண். அனுப்புகிறவரும் சங்கம், கேட்கிறவரும் சங்கம், கைதட்டுகிறவரும் சங்கம். ரவுட்டிங் பிரச்சினையே இல்லாத பொற்காலம். ஒரு வாய், நாலைந்து காது, எல்லோரும் வெள்ளைக்காரர். வடக்கே ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் தாத்தாக்களுக்குத் துரையின் பங்களாவிலிருந்து கரகரப்பு மட்டும் கேட்டிருந்தால், துரைக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள்.

1930இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியத்தைச் சேர்ந்த சர் ஏர்ல் என்பவர் சிற்றலையில் இறங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு அல்லது புதன். எந்த ஞாயிறு, எந்தப் புதன் என்பது அலைக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். பிறகுதான் பெரிய கை வந்தது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் சிங்கப்பூரில் கால்டகாட் குன்றில் நிலையம் கட்டி, 1937 மார்ச் 1 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதைத் திறந்துவைத்தார். ஸ்டுடியோ, டிரான்ஸ்மிட்டர், நடுவே ஒரு கட்டுப்பாட்டறை. குன்றுக்குச் சாலை, கம்பிக்குக் கம்பம், பொத்தானுக்குத் துரை. இனி மலாயாவின் காதுக்கு எது போக வேண்டும் என்பது ஓர் அறையில் முடிவாகும்.

அறையைக் கட்டும்போது அதன் பொத்தானை நாளை யார் அழுத்துவார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. ஐந்தே ஆண்டில் பதில் சைக்கிளில் வந்தது.

டோக்கியோ சிங்க்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த கருவியை எடுத்துக்கொண்டார்கள், சிங்கப்பூருக்கு சியோனான் என்று பெயர் மாற்றினார்கள், சோர்ஸை மாற்றினார்கள். லண்டன் போய் டோக்கியோ வந்தது. மக்களின் பெட்டிகளில் சிற்றலையை வெட்டிவிட்டார்கள். வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லாத பெட்டிக்குப் பொறியாளர்கள் ‘ஹார்டுவயர்டு’ என்பார்கள்.

ஒலிபரப்பில் ‘சிங்க்’ என்று ஒன்று உண்டு. ஒரு நிலையத்தில் பத்துக் கேமரா இருந்தால் பத்தும் ஒரே கணத்தில் கோடு வரையத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது படம் குதிக்கும். அதற்காக ஒரு மாஸ்டர் கடிகாரம் எல்லாக் கருவிக்கும் துடிப்பு அனுப்பும். கட்டடம் முழுக்க அதற்குக் கட்டுப்பட வேண்டும், ‘ஹவுஸ் சிங்க்’ என்று பெயர். ஜப்பானியர் இதை நாட்டளவில் செய்தார்கள். மலாயாவின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது, அதாவது டோக்கியோ நேரம். டோக்கியோவுக்கு ஆறு மணி என்றால் சிம்பாங் ரெங்கத்துச் சேவலுக்கு நாலரை. கடிகாரம் கூவியது, சேவல் கூவவில்லை. பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் கொட்டாவியில்தான் அன்றைக்குச் சிங்க் சரியாக இருந்தது.

அவர்கள் திருப்பிவிட்டது சிக்னலை மட்டுமில்லை. தோட்டத்துத் தமிழர்களை லோரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. இந்த ஒரு பத்தியில் நகைச்சுவைக்கு வேலையில்லை.

போர் முடிந்தது, கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போயிற்று, 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா பிறந்தது. முட்டாள்கள் தினத்தில் அரசாங்க இலாகா தொடங்குவதில் பிரிட்டிஷாருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

கடிகார விவகாரம் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியா அரைமணி நேரத்தை விழுங்கிவிட்டு நேராக 1982க்குள் குதித்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டுமாம். சிங்கப்பூரும் பின்னாலேயே குதித்தது. இந்தத் தடவை உத்தரவு கோலாலம்பூரிலிருந்து வந்தது என்பதுதான் சுதந்திரம். தூக்கம் அரைமணி நேரம் போனது போனதுதான்.

பத்துப் பொருத்தமும் ஒரு மிக்சரும்

பிரிட்டிஷார் கருவியோடு சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் கருவியை அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வாங்கினோம், சொல் சண்டை தொடங்கிற்று. ஓட்டைகள் வரிசையாக இருக்கும் பலகையை பிரிட்டிஷார் ‘ஜாக்ஃபீல்டு’ என்பார்கள், அமெரிக்கர் ‘பேட்ச் பே’ என்பார்கள். ஒருவருக்கு வயல், இன்னொருவருக்கு வளைகுடா, நமக்கு ஓட்டை. வெளியே போய் ஒளிபரப்பும் வண்டி அவர்களுக்கு ஓ.பி. வேன், இவர்களுக்கு ரிமோட் டிரக். படங்களுக்கிடையே மாற்றும் மேசை அவர்களுக்கு ‘விஷன் மிக்சர்’, இவர்களுக்கு ‘ஸ்விட்சர்’. அதை இயக்குகிற ஆளுக்கும் பிரிட்டிஷார் விஷன் மிக்சர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டத்திலிருந்து படித்து ஒலிபரப்பு நிலையமான அங்காசாபுரிக்கு வேலைக்குப் போன பையன் வீட்டில் வந்து சொன்னால் என்ன நடக்கும்?

“என்ன வேலைய்யா குடுத்தாங்க?”

“மிக்சர்ம்மா.”

“மிக்சர் போடவாடா ஒன்ன சீனியர் கேம்பிரிட்ஜ் படிக்கவெச்சோம்? அதுக்கு முருகன் கோயில் திருவிழாவுலயே கடை போட்டிருக்கலாமே!”

டி.ஏ. என்று ஒரு பெட்டி. டிஸ்டிரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர். ஒரு சிக்னல் உள்ளே போகும், அதே சிக்னல் வலுக்குறையாமல் எட்டு வழியாக வெளியே வரும். மலேசியாவில் ஆபத்தில்லாத பெயர். தமிழ்நாட்டு அரசு நிலையம் ஒன்றில் “டி.ஏ. போயிடுச்சு சார்” என்று மாடிப்படியில் நின்று கத்திப் பாருங்கள். அகவிலைப்படி என்று நினைத்து ஐந்து நிமிடத்தில் சங்கம் கூடும், பத்தாவது நிமிடத்தில் வாயில் கூட்டம்.

பஸ் என்பது பல குரல்கள் வந்து சேரும் பொதுக்கம்பி. எல்லோருக்கும் என்று பொருள்படும் ஆம்னிபஸ் என்ற லத்தீனில் பிறந்தது, சாலையில் ஓடும் பஸ்ஸுக்கு உடன்பிறப்பு. இதில் ஏறினால் குளுவாங் போக முடியாது, ஆனால் இதிலும் கடைசியாக ஏறியவன்தான் சத்தமாகப் பேசுவான். ஒரே அழுத்தில் நூறு இணைப்பை மாற்றுவதற்கு ‘சால்வோ’, அதாவது போர்க்கப்பலின் எல்லாப் பீரங்கியும் சேர்ந்து வெடிப்பது. எந்தக் கேமரா இப்போது நேரலையில் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு ‘டாலி’. அரசியல்வாதியின் புன்னகை இதோடு கம்பியில்லாமல் இணைக்கப்பட்டிருக்கிறது. ‘கிளீன் ஃபீட்’ என்றால் வெளியில் நிற்கும் நிருபரின் காதுக்கு அவர் குரலைத் தவிர மற்ற எல்லாம் போவது. அமெரிக்கர் ‘மிக்ஸ்-மைனஸ்’ என்பார்கள். தன் குரலே தாமதமாகத் திரும்பி வந்தால் எப்பேர்ப்பட்டவனும் திக்குவான். இதற்கு நேரெதிராக, தன் குரலை மட்டும் கேட்கும் இணைப்பு வேண்டும் என்று கேட்கும் பிரமுகர்களும் உண்டு. அவர்களுக்குக் கட்சி மாநாடு என்று தனிக் கருவி இருக்கிறது.

வயர்களில் ஆண் பெண் உண்டு. நீட்டிக்கொண்டிருப்பது ஆண், வாங்கிக்கொள்வது பெண். இரண்டு ஆண் முனையைச் சேர்க்க ‘ஜெண்டர் சேஞ்சர்’ என்று ஒரு குட்டிச் சாமான், கடையில் சில ரிங்கிட். வீடியோ வயரின் முனையில் பி.என்.சி. அந்த என், பெல் ஆய்வுக்கூடத்து பால் நீல். அந்த சி, கார்ல் கன்செல்மன். பாதிப் பேர் அதை பிரிட்டிஷ் கடற்படையின் கண்டுபிடிப்பு என்று அடித்துச் சொல்வார்கள். உழைத்த இருவரையும் எழுத்தாகச் சுருக்கி, பெயரைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிபிசிக்காரர்கள் பயன்படுத்திய வீடியோ ஜாக்குக்கு ‘மூசா’ என்று பெயர். “மூசாவை வெளியே இழு, மூசாவைத் திருப்பிச் சொருகு” என்று லண்டனில் கத்தலாம். ஜொகூரில் பிறந்த மூசா ஹீத்தாம் துணைப் பிரதமராக இருந்த 1981 முதல் 1986 வரை இங்கே யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

ஆண் பெண் இருந்தால் ஜாதகமும் வேண்டுமே. வீடியோ வயருக்கு 75 ஓம். இந்த முனையும் 75, அந்த முனையும் 75, நடுவே கம்பியும் 75 என்றிருந்தால் குடும்பம் ஒழுங்காக நடக்கும். இதற்கு இம்பீடன்ஸ் மேட்சிங் என்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய வித்தையில்லை. 50 ஓம் மாப்பிள்ளைக்கு 75 ஓம் பெண்ணைக் கட்டிவைத்தால், அனுப்பிவைத்த சிக்னலில் ஒரு பங்கு அழுதுகொண்டே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். திரையில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். அதற்காகவே கம்பியின் கடைசி முனையில் 75 ஓம் மூடி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ‘டெர்மினேட்டர்’. வந்ததை விழுங்கும், எதையும் திருப்பி அனுப்பாது. 1985இல் போதைப்பொருள் சிறப்புத் தடுப்புச் சட்டம் வந்தபோது அரசாங்கமும் அப்படி ஒரு மூடியைத் தேடிற்று. விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு உள்ளே வைக்கலாம் என்ற அந்தச் சட்டத்துக்கு வாய்த்த கடைசி முனை சிம்பாங் ரெங்கம்.

கூரைமேல் கிராஸ்பாயிண்ட்

1963 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியத் தொலைக்காட்சியைத் தொடக்கிவைத்தார். நடுவில் செப்டம்பர் 16 அன்று இரண்டும் ஒரே நாடாயின. 1965 ஆகஸ்ட் 9 அன்று மறுபடி இரண்டு நாடாயின. அரசியல்வாதிகள் பாகம் பிரித்தார்கள், சுங்கச்சாவடி போட்டார்கள், கடப்பிதழ் அச்சடித்தார்கள். சிக்னல் மட்டும் எந்த முத்திரையும் குத்தாமல் ஜொகூர் நீரிணையைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. 1974இல் சிங்கப்பூர் வண்ணத்துக்கு மாறிவிட்டது. கோலாலம்பூர் 1978 டிசம்பர் 28 வரை கறுப்பு வெள்ளையில் நாட்டுப்பற்று வளர்த்தது. ஜொகூர்காரனின் தேசபக்திக்கு இதைவிடக் கடுமையான சோதனை வந்ததில்லை. பெரும்பாலோர் தோற்றார்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு முள்ளு ஏரியல் போதும். வடக்கே வர வர இரும்புக் குழாயின் உயரம் ஏறும். சிம்பாங் ரெங்கம் தூரத்துக்கு நல்ல உயரம், பூஸ்டர், ஆண்டவன் அருள் மூன்றும் வேண்டும். வசதியுள்ள வீட்டில் இரண்டு ஏரியல், பெட்டிக்குப் பின்னால் ஏ-பி ஸ்விட்ச். ஏ என்றால் கோலாலம்பூரின் ஆர்டிஎம், பி என்றால் சிங்கப்பூர். வசதியில்லாத வீட்டில் ஒரே ஏரியல், அதைத் திருப்ப ஒரு மகன்.

“அப்பா, திருப்புறேன்! இப்ப?”

அப்பா பெட்டி முன்னால் உட்கார்ந்து மெல்ல எதையோ சொல்வார். அம்மா வாசலில் நின்று அதைக் கூரைக்கு அனுப்புவார். “ஆளு தெரியுதாம்! ரெண்டு ரெண்டாத் தெரியுதாம்!”

“இப்ப?”

“கோடு கோடா ஓடுதாம்!”

“இப்பம்மா?”

“ஆ! அங்கயே நில்லு! கைய எடுக்காத!”

“எவ்வளவு நேரம்மா நிக்கிறது?”

“படம் முடியட்டும்ங்கிறாருடா!”

கால்டகாட்டிலும் அங்காசாபுரியிலும் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டியதெல்லாம் இங்கே செலவில்லாமல் இருந்தது. சிங்கப்பூர் சோர்ஸ், அப்பா டெஸ்டினேஷன், அம்மா உத்தரவைக் கடத்தும் டாக்பேக், ஜிங்க் கூரைமேல் நின்றவன் கிராஸ்பாயிண்ட். ஒரு சோர்ஸ் பல டெஸ்டினேஷனுக்குப் போகலாம், ஒரு டெஸ்டினேஷன் ஒரு நேரத்தில் ஒரே சோர்ஸைத்தான் வாங்கும் என்பது கிராஸ்பாயிண்டுகளைக் கட்டமாக அடுக்கிய மெட்ரிக்ஸின் அடிப்படை விதி. அப்பாவுக்குக் குத்துச்சண்டை, அம்மாவுக்குத் தமிழ்ப் படம் என்று இரண்டு கோரிக்கை ஒரே நேரத்தில் வந்த இரவுகளில் இந்த விதியை எல்லா வீடும் பரிசோதித்திருக்கிறது. முடிவு எப்போதும் அம்மா பக்கம்தான். டாக்பேக் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இயக்குநர்.

மெய்யான மெட்ரிக்ஸிலும் கணக்கு இதுதான், கூரை மட்டும் பெரிது. 16 சோர்ஸ், 16 டெஸ்டினேஷன் என்றால் 256 கிராஸ்பாயிண்ட். 128க்கு 128 என்றால் 16,384. இத்தனை மகன்களைக் கூரையேற்ற முடியாது என்பதால்தான் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தார்கள்.

இதற்கிடையில் 1969 அக்டோபர் 6 அன்று அங்காசாபுரி திறக்கப்பட்டது, வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே குடும்பமாயின. மொழிக்கு ஒரு நிறமாக வானொலியைப் பிரித்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு நீலம், சீனத்துக்குப் பச்சை, தமிழுக்குச் சிவப்பு. பிறகு நிறம் போய் எண் வந்தது, தமிழ் ‘வானொலி 6’ ஆனது. பிறகு எண்ணும் போய் ‘மின்னல் எஃப்எம்’ ஆனது. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் ஒரு விழா, ஒரு மாலை, ஒரு ரிப்பன். கேட்கிறவர் மட்டும் எல்லாக் காலத்திலும் “தமிழ் ரேடியோவப் போடு” என்றார்.

பாகப்பிரிவினை

1989இல் எஸ்டிஐ என்ற டிஜிட்டல் தரம் வந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பிக்குள் அனுப்பும் வசதியும் பிறகு வந்து சேர்ந்தது. ஒலியைப் படத்துக்குள் திணிக்கிற பெட்டி எம்பெடர், பிரித்தெடுக்கிற பெட்டி டி-எம்பெடர். கூட்டுக்குடும்பம் நன்றாகவே நடந்தது. 2017இல் எஸ்டி 2110 வந்து எல்லாவற்றையும் இணையக் கம்பியில் பொட்டலமாக அனுப்பச் சொன்னது. படத்துக்கு ஒரு வழி, ஒலிக்கு ஒரு வழி, துணைத் தகவலுக்கு ஒரு வழி. இத்தனை காலம் சேர்த்துவைத்ததைப் பிரித்துவிட்டு, மறுமுனையில் திரும்பச் சேர்ப்பதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

ரவுட்டர் என்ற சொல்லுக்கும் வழக்கு வந்தது. வீடியோக்காரனுக்கு ரவுட்டர் என்றால் ஆயிரம் பி.என்.சி. முனை முளைத்த, ஒருத்தராகத் தூக்க முடியாத பெட்டி. கணினிக்காரனுக்கு அது வைஃபை வராதபோது அணைத்துப் போடும் பெட்டி. இருவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ரவுட்டரைப் பற்றிப் பேசி, முழு உடன்பாட்டோடு கலைவார்கள். பொருள் வந்து இறங்கியபின்தான் அடிதடி.

பிரிந்துபோன பொட்டலங்களை மறுபடி ஒரே கணத்தில் சேர்க்கக் கடிகாரம் வேண்டும். அதற்கென்று உள்ள கடிகாரத் தரத்தில் தலைமைக் கடிகாரத்துக்கு ‘கிராண்ட்மாஸ்டர்’ என்று பெயர். சதுரங்க ஆனந்த் என்று நினைக்க வேண்டாம், இதற்கு ஆடத் தெரியாது. கீழே மாஸ்டர், அதற்கும் கீழே ஸ்லேவ். எஜமான், அடிமை. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பல்லாண்டுகள் கூசாமல் இதைப் பலகையில் எழுதிவைத்தார்கள். தோட்டத்துப் பையனுக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. பெரிய துரை, சின்ன துரை, கிராணி, தண்டல், கடைசியில் நாம். துடிப்பு மேலிருந்து வரும், கீழே இருப்பவன் நேரம் தவறினால் அவன்மேல்தான் பழி. 2022இல்தான் தரம் வகுக்கும் கழகத்தார் கூடி, இனி ‘நேரம் அனுப்புவது’, ‘நேரம் வாங்குவது’ என்று சொல்லலாம் என்ற திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஏரியல் பிடித்த மகனுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் விடுதலை கிடைத்திருந்தது. 2019 அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. டிஜிட்டலில் ஆள் இரண்டாகத் தெரிவதில்லை. தெரிந்தால் பளிச்சென்று தெரிவார், இல்லாவிட்டால் இல்லவே இல்லை.

இத்தனை பேர் இத்தனை பெயர் வைத்தும், எந்தக் கட்டுப்பாட்டறைக்குள் போனாலும் கருவிமேல் உண்மையில் ஒட்டியிருப்பது இரவு வேலைக்காரர் மார்க்கரால் எழுதிய ஒரு துண்டு டேப். மலேசியாவில் அதில் பெரும்பாலும் ‘ஜாங்ஙான் உசிக்’ என்றிருக்கும். தொடாதே. இதற்குத் தர எண் கிடையாது, பிரிட்டிஷ் வழக்கு அமெரிக்க வழக்கு கிடையாது. துரை, தவுக்கே, டத்தோ, நம்மாள் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பயிற்சியாளர் அதைத் தொடுவார். நாடு முழுக்கத் திரை கறுக்கும். ஸ்கிரிப்னரும் ஸ்ட்ரோஜரும் கன்செல்மனும் கூடி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது திரைக்கு வரும் அட்டைதான் தமிழன் எந்தக் கலைச்சொல் குழுவின் தயவும் இல்லாமல் தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கும் ஒரே ஒலிபரப்புச் சொல்: தடங்கலுக்கு வருந்துகிறோம்.